ஒரே வீட்டில் இரண்டு சீருடை

"அம்மா, ஆர்டிஇ-ன்னா என்ன சாதி?" என்று என் மகள் கேட்டபோது அவளுக்கு எட்டு வயது. கல்வி உரிமைச் சட்டத்தின் ஆங்கிலச் சுருக்கம்தான் ஆர்டிஇ. அந்தச் சட்டப்படி இலவச இடம் கிடைத்து ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அன்று வகுப்பில் ஏதோ படிவம் நிரப்ப வேண்டியிருந்ததாம். டீச்சர் பெயர்ப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "ஆர்டிஇ பிள்ளைங்க எல்லாம் எந்திரிச்சு நில்லுங்க" என்று சொல்லியிருக்கிறார். ஆறு பிள்ளைகள் எழுந்திருக்கிறார்கள். இவளுக்குத் தானும் எழ வேண்டும் என்றே தெரியவில்லை. டீச்சர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் ஏழாவதாக எழுந்து நின்றாளாம். சாயங்காலம் வேனில் பக்கத்தில் உட்கார்ந்த பெண், "நீ ஃப்ரீயா? சொல்லவே இல்ல" என்று கேட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் அந்தப் பெண் பக்கத்தில் உட்காரவில்லை.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர் ஓவர்லாக் டெய்லர். லைன் வீட்டில் குடியிருக்கிறோம். சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் ஞாயிற்றுக்கிழமை மளிகை, திங்கட்கிழமை கடன். எங்களைப் போன்ற ஒரு வீட்டிலிருந்து ஒரு குழந்தை மெட்ரிக் பள்ளிக்குப் போனால் என்னவெல்லாம் நடக்கும், அதில் எதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கலாம் என்பதைப் பத்து வருடத்தில் கற்றுக்கொண்டோம். அதை எழுதி வைக்கத் தோன்றியது.

கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தனியார் பள்ளிகள் தங்கள் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிவடைந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டும், எட்டாம் வகுப்பு வரை கல்விக் கட்டணத்தை அரசு பள்ளிக்குச் செலுத்திவிடும். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இது பொருந்தாது. இவ்வளவையும் எனக்குச் சொன்னவர் எங்கள் லைனில் இருந்த ஒரு சத்துணவு அமைப்பாளர் அக்கா. அவர் சொல்லியிருக்காவிட்டால் 2014-ல் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது. அப்போது ஆன்லைன் கிடையாது. பள்ளியில் போய் ஃபாரம் வாங்க வேண்டும். முதல் பள்ளியில் "தீர்ந்து போச்சு" என்றார்கள். இரண்டாவது பள்ளியில் அக்காவே கூட வந்து நின்றார். ஃபாரம் கிடைத்தது, இடமும் கிடைத்தது. அன்று கம்பெனியில் எல்லோருக்கும் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தேன்.

இலவசம் என்ற சொல்லை நம்பியிருந்த எங்களுக்கு ஜூன் மாதம் ஒரு சீட்டு வந்தது. புத்தகம், நோட்டு, சீருடை, ஷூ, டை, பெல்ட், கம்ப்யூட்டர் வகுப்பு, ஆண்டு விழா, வேன். மொத்தம் 9,400 ரூபாய். அப்போது எங்கள் இருவர் வாரச் சம்பளமும் சேர்ந்தாலே 3,000-ஐத் தாண்டாது. முதல் வருடம் வட்டிக்கு வாங்கிக் கட்டினேன். இரண்டாம் வருடம் அக்கா சொன்னபடி ஒன்றே ஒன்றுதான் செய்தேன். "எதுக்கு எவ்வளவுன்னு பிரிச்சு பில் குடுங்க" என்று கேட்டேன். பில் போட்டபோது கம்ப்யூட்டர் வகுப்பும் ஆண்டு விழாவும் அதில் இல்லை. 2,200 ரூபாய் குறைந்தது. குரலைக்கூட நான் உயர்த்தவில்லை. எந்தக் கட்டணமும் செலவும் ஒரு குழந்தை எட்டாம் வகுப்பு வரை படிப்பதற்குத் தடையாக இருக்கக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு சொல்கிறது. சீருடை, புத்தகச் செலவையும் அரசே ஏற்க வேண்டும் என்று 2023-ல் சென்னை உயர் நீதிமன்றமும் சொன்னது. இருந்தும் ஒவ்வொரு ஜூனிலும் அந்தச் சீட்டு வந்துகொண்டுதான் இருந்தது. ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். வாங்கிய ரசீதுகளை ஒரு பையில் போட்டு வையுங்கள். அந்தப் பை எதற்கெல்லாம் உதவியது என்று பின்னால் சொல்கிறேன்.

சரி, எழுந்து நிற்க வைத்த விஷயத்துக்கு வருகிறேன். மறுநாள் காலை அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பள்ளி வாசலில் போய்ச் சத்தம் போட்டேன். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. என் மகள் வகுப்பு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. டீச்சர் அவளை ஒரு முறை எழுப்பி நிற்க வைத்தார், நான் மொத்தப் பள்ளிக்கும் முன்னால் இன்னொரு முறை நிற்க வைத்துவிட்டேன். அந்தத் தவறை இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

அன்று இரவு அக்கா ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். "கோபத்த வாசல்ல காட்டாத, தாள்ல காட்டு" என்றார். கடிதம் ஒரு பக்கம்தான். எங்கள் பிள்ளைகளை நன்றாகப் படிக்க வைப்பதற்கு நன்றி, இப்படிச் சேர்ந்த பிள்ளைகளை வகுப்பறையில் மற்றவர்களிடமிருந்து பிரித்து வைக்கக் கூடாது, புத்தகம், சீருடை, நூலகம், விளையாட்டு எதிலும் வேறுபாடு காட்டக் கூடாது என்று சட்டத்தின் விதிகளில் இருக்கிறது, ஏதாவது விவரம் தேவைப்பட்டால் பெற்றோரைக் கூப்பிட்டுக் கேளுங்கள், அவ்வளவுதான். டீச்சர் பெயரை எழுதவில்லை. மற்ற ஆறு வீட்டுக்கும் போய்க் கையெழுத்துக் கேட்டேன். என்னோடு சேர்த்து நான்கு பேர் போட்டோம். மூன்று பேர் பயந்தார்கள், அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றொன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கினோம். அதற்கு அப்புறம் எந்தப் பிள்ளையும் எழுந்து நிற்க வேண்டி வரவில்லை. படிவங்கள் மூடிய கவரில் வீட்டுக்கு வந்தன.

இதுவும் பலிக்கவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்ப்பு நாளில் மனு கொடுக்கலாம், பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணுக்குப் பேசலாம். எங்களுக்கு அந்த அளவுக்குத் தேவைப்படவில்லை. தனியாகப் போகாமல் நான்கு பேராகப் போனதுதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன்.

அந்த டீச்சரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பிறகு அவரோடு நன்றாகப் பழகினேன். எம்.ஏ., பி.எட். படித்தவர். அவருடைய மாதச் சம்பளம் என் வீட்டுக்காரரின் நான்கு வாரச் சம்பளத்தைவிடக் குறைவு. ப்ராஜெக்ட், சார்ட், கலர் பிரிண்ட் என்று புதன்கிழமை இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் வந்து வியாழக்கிழமை காலை வேண்டும் என்பார்கள். ஒருநாள் அவரிடம் மனம் விட்டுச் சொன்னேன். "டீச்சர், எங்களுக்குச் சனிக்கிழமைதான் சம்பளம். வெள்ளிக்கிழமை சொல்லி, திங்கட்கிழமை கேளுங்க. எல்லாம் குடுத்துருவேன்." அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்த வாரத்திலிருந்து அந்த வகுப்பு முழுவதற்கும் ப்ராஜெக்ட் வெள்ளிக்கிழமைதான். டைரியில் ஆங்கிலத்தில் எழுதுவதைத் தமிழிலும் ஒரு வரி எழுதச் சொன்னேன், அதையும் செய்தார்.

மகனுக்கு 2018-ல் விண்ணப்பித்தோம். அதற்குள் எல்லாம் ஆன்லைன் ஆகியிருந்தது. பிறப்புச் சான்று, ரேஷன் கார்டு, சாதிச் சான்று, வருமானச் சான்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்தில் வரிசையில் நின்று பதிவு செய்தோம். அந்த வருடம் அந்தப் பள்ளியில் 15 இடம், விண்ணப்பம் அறுபதுக்கு மேல். பள்ளியிலேயே அதிகாரிகள் முன்னால் குலுக்கல் நடந்தது. எங்கள் சீட்டு வரவில்லை. பெயர் வந்தவர்களில் ஒருவர் காரில் வந்திருந்தார்.

இது பலருக்குத் தெரியாது. நலிவடைந்த பிரிவு என்றால் வருட வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், எந்தச் சாதியாக இருந்தாலும் சரி. வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறன் குழந்தைகள், ஆதரவற்றோர், தூய்மைப் பணியாளர் பிள்ளைகள் எல்லோரும் வருகிறார்கள். அவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. தமிழ்நாட்டில் பெரும்பாலான குடும்பங்கள் அதற்குள் அடங்கிவிடும். ஆக, சொந்த வீடும் காரும் இருப்பவரும் தினக்கூலிக்குப் போகிறவரும் ஒரே குடத்தில் சீட்டுப் போடுகிறார்கள். அந்தக் கார்க்காரர் பொய் சொல்லவில்லை, விதிப்படிதான் வந்தார். விதியைத்தான் மாற்ற வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அந்தப் பிரிவுக்குள்ளேயே ஏழைப் பிள்ளைகளுக்கு முதலில் இடம் கொடுத்துவிட்டு மிச்சத்துக்குக் குலுக்கலாம்.

மகன் அங்கன்வாடிக்குப் போனான். 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பு. அந்த வருடத்தைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? அவன் பள்ளியை உள்ளே போய்ப் பார்த்ததே 2021 நவம்பர் 1-ஆம் தேதி, இரண்டாம் வகுப்புப் பையனாக. வீட்டில் இருந்தது ஒரே போன். அது அவன் அக்காவின், என் மகளின், ஆன்லைன் வகுப்புக்கு. இவனுக்குக் கல்வித் தொலைக்காட்சி. கம்பெனி திறந்து நாங்கள் வேலைக்குப் போன பிறகு அதையும் போட்டுக் காட்ட ஆள் இல்லை. ஒரு போனை யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுத்தவள் நான்தான். பணம் கட்டும் பள்ளியின் பாடம்தான் பெரிய பாடம் என்று யாரும் சொல்லாமலே என் கை முடிவு செய்தது. மேல், கீழ் என்று பிரித்துவைக்கும் வேலையை ஊர் மட்டும் செய்வதில்லை. என் சமையலறையில் நானே செய்தேன்.

அதன் விளைவு 2022-ல் தெரிந்தது. மகள் பள்ளியில் ஆண்டு விழா. அவள் நடனம் ஆடினாள். மகன் பள்ளி விட்டு நேராக வந்தால்தான் நேரத்துக்குப் போக முடியும். காலையில் மகள் என்னிடம் மெதுவாக, "அம்மா, தம்பிய அந்த யூனிஃபார்மோட கூட்டிட்டு வராதீங்க" என்றாள். அரசு கொடுத்த சீருடை. நான்தான் முதல் நாள் இரவு துவைத்துப் போட்டிருந்தேன். அவன் கதவுக்குப் பக்கத்தில் ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தான், காதில் விழுந்திருக்கும். அன்று சாயங்காலம் தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டான். நானும் அவனும் வீட்டிலேயே இருந்துவிட்டோம். நடனத்தை அப்பா மட்டும் போய்ப் பார்த்தார்.

மகளைத் திட்டவில்லை. அவளை எழுப்பி நிற்க வைத்தபோது அவள் எங்கே நின்றாளோ அந்த இடத்தில் இப்போது தம்பியை நிறுத்தியிருந்தாள். அந்த இடத்துக்குத் திரும்பப் போய்விடுவோமோ என்ற பயம்தான் அவளைப் பேச வைத்தது. இப்படிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர்களுக்கு என் அனுபவத்தில் இருந்து சொல்வது, அந்தப் பேச்சை வீட்டில் சீக்கிரமே எடுத்துவிடுங்கள். நம் கூலி எவ்வளவு, பள்ளிக்கு யார் பணம் கட்டுகிறார்கள், அது தர்மம் இல்லை, சட்டம் கொடுத்த உரிமை என்பதை ஆறு, ஏழு வயதிலேயே சொல்லலாம். நான் மறைத்தேன், குழந்தை கஷ்டப்படக் கூடாது என்று. மறைத்ததால் அவளுக்கு அது வெட்கப்பட வேண்டிய விஷயமாகிவிட்டது. அன்று இரவுதான் முதல் முறையாகச் சம்பளக் கவரை எடுத்து இரண்டு பேருக்கும் முன்னால் எண்ணினேன். அப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர்கள்தான் எண்ணுகிறார்கள்.

2024-ல் மகளுக்கு எட்டாம் வகுப்பு முடிந்தது. சட்டத்தின் கை அதோடு நின்றுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்புக்குப் பள்ளி கேட்டது 38,000 ரூபாய், வேன் தனி. இது வரும் என்று ஆறாம் வகுப்பிலேயே யோசித்திருக்க வேண்டும். பலர் நகையை வைத்துக் கட்டுகிறார்கள், பத்தாம் வகுப்பில் முடியாமல் போகிறது, நடுவில் பிள்ளையை எடுக்கிறார்கள். நாங்கள் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளிக்கு மாற்ற முடிவு செய்தோம். முடிவு செய்ய உதவியது இரண்டு விதிகள்.

2020-ல் தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அடுத்த வருடம் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்துவிட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களும் தகுதி உள்ளவர்கள். கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்திலும் அதே சலுகை உண்டு. ஒன்பதாம் வகுப்பைத் தனியார் பள்ளியில் படித்துவிட்டால் இரண்டும் போய்விடும். எங்கள் ஏழு பேரில் இரண்டு வீட்டாருக்கு இது ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

மாற்றுச் சான்றிதழ் வாங்கும் நாளிலேயே, ஆறு முதல் எட்டு வரை ஆர்டிஇ-யில் படித்தாள் என்று தனியாக ஒரு சான்றும் வாங்கிவிடுங்கள். எமிஸ் என்கிற பள்ளிக் கல்வித் துறையின் கம்ப்யூட்டர் பதிவிலும் அப்படி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் பள்ளி அலுவலகத்தில் "அதெல்லாம் பழைய ரெக்கார்டு, தேடணும்" என்றார்கள். பையிலிருந்து 2014 சேர்க்கைக் கடிதத்தையும் பத்து வருட ரசீதுகளையும் எடுத்து மேசையில் வைத்தேன். அரை மணி நேரத்தில் சான்று கையில் வந்தது.

அரசுப் பள்ளியில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். ஒன்பதாம் வகுப்பில் நான்கு மாதம் கணக்கு டீச்சர் இல்லை. கழிப்பறைக்குப் போகக் கூடாது என்று மகள் மதியம் வரை தண்ணீர் குடிக்க மாட்டாள். முதல் மாதம் பழைய பள்ளி வேன் எதிரில் வந்தால் கடைக்குள் போய் நின்றுகொள்வாளாம். அப்புறம் மாறியது. அவள் வகுப்பில் இரண்டு பெண்கள் பள்ளி விட்டதும் வீட்டில் பிசிறு வெட்டி வாரம் 600 ரூபாய் சம்பாதிக்கிறார்கள், அதிலேயே முதல் மூன்று ரேங்கிற்குள்ளும் வருகிறார்கள். "அவங்களுக்கு நான் படிச்ச ஸ்கூல் கிடைச்சிருந்தா எங்கயோ போயிருப்பாங்கம்மா" என்று ஒருநாள் சொன்னாள். இங்கிலீஷ் வாசிப்பதில் அவர்களுக்கு இவள் உதவுகிறாள், கணக்கில் இவளுக்கு அவர்கள்.

2025-ல் ஏப்ரல், மே மாதங்களில் நடக்க வேண்டிய ஆர்டிஇ சேர்க்கை, மத்திய அரசும் மாநில அரசும் நிதிக்காக மோதிக்கொண்டதில் அக்டோபர் வரை தள்ளிப்போனது. எங்கள் லைனில் மூன்று வீட்டில் பிறப்புச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஜூனிலேயே பணம் கட்டிச் சேர்க்க முடிந்தவர்களால் காத்திருக்க முடிந்தது. மற்றவர்களால் எப்படி முடியும்?

அந்த ஜூனில்தான் எங்கள் செக்கிங் டேபிளில் ஒடிசாவிலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தாள். ஒன்பது வயது மகளை அறையில் வைத்து வெளியே பூட்டிவிட்டு வேலைக்கு வருவாள். ஆர்டிஇ பற்றி அவளிடம் பேச்செடுத்தேன். பள்ளிக்கு 1 கிலோமீட்டருக்குள் வீடு என்று காட்ட முகவரிச் சான்று வேண்டும், சாதிச் சான்றோ வருமானச் சான்றோ வேண்டும். அவளிடம் எதுவுமே இல்லை. பிள்ளைக்கு வயதும் தாண்டிவிட்டது. எங்களுக்குக் கீழே படியே இல்லை என்று நினைத்திருந்தேன். அந்தப் பெண் நின்ற படி எங்கள் கண்ணுக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

மகன் பள்ளி ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். பிறப்புச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கை மறுக்கக் கூடாது, வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று அதே சட்டத்தில் இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. தலைமை ஆசிரியை அந்தக் குழந்தையின் உயரத்தைப் பார்த்தார், "நாலாவதுல உக்கார வைங்க" என்றார். அவ்வளவுதான். காலை உணவு, புத்தகம், சீருடை எல்லாம் அங்கேயே. உங்கள் கம்பெனியிலும் இப்படிப் பூட்டிய அறைகள் இருக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து டேபிளில் கேட்டுப் பாருங்கள்.

முதல் நாள் அந்தக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனவன் என் மகன். ஆறாம் வகுப்பு. சாயங்காலம் வந்து பையை வைத்ததும் கேட்டேன், "தமிழே தெரியாதே அந்தப் புள்ளைக்கு, என்ன கண்ணு பண்ணுனா?"

"டீச்சர்கிட்ட பாத்ரூம் போகணும்னு எப்படிக் கேக்கறதுன்னு போற வழியிலயே சொல்லிக் குடுத்துட்டேன்மா. மிச்சம் நாளைக்கு" என்றான்.